மாஸ்டா என்றால் ஹிரோஷிமாவும்தான்
ஜப்பானியக் கார் கம்பெனியான மாஸ்டாவின் வரலாற்றை உங்கள் கட்டுரையில் நன்றாகத் தொகுத்திருக்கிறீர்கள். ஆனால் அதன் சொந்த ஊரான ஹிரோஷிமாவை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமாக இருக்கிறது. 1920இல் கார்க் (தக்கை) தயாரிக்கும் கம்பெனியாகத் தொடங்கி, 1931இல் மூன்று சக்கர வண்டிக்கு வந்தவர்கள் அவர்கள். 1945இல் அணுகுண்டு விழுந்தபோது, ஹிஜியாமா என்ற குன்று நடுவில் நின்று மறைத்ததால் ஆலை பெரிய சேதமில்லாமல் தப்பியது. ஊழியர்கள் பலர் இறந்துபோனார்கள். அந்தக் கட்டடத்தில் சில காலம் மாகாண நிர்வாகமே நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வண்டி உற்பத்தி மறுபடி ஆரம்பித்துவிட்டது! இதை விட்டுவிட்டு அந்தக் கம்பெனியின் பிடிவாதத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

அப்புறம் ரோட்டரி எஞ்சின், அதாவது மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் ஒன்று சுழலும் எஞ்சின். அதைத் 'தோற்ற தொழில்நுட்பம்' என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ரோட்டரின் முனையில் வாயு கசியாமல் தடுக்கும் சீல், எஞ்சினின் உள்சுவரை அலையலையாகக் கீறிவிடும். 'பிசாசின் நகக்கீறல்' என்றே அதற்குப் பெயர். மாஸ்டா பொறியாளர் கெனிச்சி யமமோட்டோவின் குழு, அலுமினியம் சேர்த்த கார்பன் சீல் செய்து அதைச் சமாளித்து, 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற ரோட்டரி காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்ற கெட்ட பெயர் நியாயம்தான். 1973 எண்ணெய் நெருக்கடியில் கம்பெனியே ஆட்டம் கண்டது. ஆனாலும் 1991இல் பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தை ஒரு ஜப்பானியக் கம்பெனி முதன்முதலில் ஜெயித்தது நான்கு ரோட்டர் எஞ்சின் பூட்டிய 787பி காரில்தான்.