கொப்பி கொண்டு போனால் குற்றமா?

டொக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தகப்பன் கொப்பியில் எழுதிக்கொண்டு போனாராம் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. அந்தக் கொப்பி விவகாரத்தைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் நான்கு நாளாக இருந்தேன். பகிர்ந்தவர்கள் பகிர்ந்தாயிற்று, சிரித்தவர்கள் சிரித்தாயிற்று. நேற்று இரவு என் சொந்தச் சித்தப்பாவே அதைக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டு, கீழே கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை மூன்று வைத்திருந்தார். சரி, இனிப் பேசாமல் இருந்தால் எனக்கு நித்திரை வராது.

இரண்டு மாதப் பிள்ளையோடு டொக்டரிடம் போன தகப்பன். கையில் ஒரு கொப்பி, அதில் கொஞ்சம் கேள்விகள். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். "டொக்டருக்கே சோதனை வைக்க வந்திட்டாராம்" என்று ஒருவர். "பாஸா பெயிலா எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்று இன்னொருவர். நல்ல பகிடி. இதே ஆட்கள் ஒரு போன் வாங்குவதற்கு லிபர்ட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும், வொறண்டி எத்தனை மாதம், தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக் கடைக்காரப் பெடியனைக் களைக்கப் பண்ணுவார்கள். அப்படிக் கேட்டால் விபரமான ஆள். பிள்ளையைப் பற்றிக் கேட்டால் அதிகப்பிரசங்கி.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். டொக்டர் பிள்ளையைப் பார்ப்பது ஐந்து நிமிடம். மிச்ச நேரம் முழுக்கப் பார்ப்பது நாங்கள். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை கொதித்துக் கிடக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. அந்த இரண்டு மணிக்குத் தேவையானதை அந்த ஐந்து நிமிடத்துக்குள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஞாபகம் நிற்காதென்றால் எழுதிக்கொண்டு போக வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டில் யாருக்கு ஞாபகம் நிற்கிறது? எனக்கு அந்த நாட்களில் பல் தீட்டினேனா என்பதே ஞாபகம் இருக்காது.

நான் கேட்காமல் வந்த கதையைச் சொல்கிறேன். மூத்தவளுக்கு நாலு மாதம், ஆறு கிலோ. ஊசி போட்ட அன்று பின்னேரம் காய்ச்சல். வெள்ளவத்தையில் இருந்து ஓட்டோ பிடித்துப் போய், சனல் பண்ணி (காசு கட்டித் தனியார் டொக்டரைப் பார்க்க நம்பர் எடுத்து), ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்து உள்ளே போனோம். டொக்டர் பார்த்தார், பரசிட்டமோல் சிரப் என்று துண்டு எழுதினார், நாங்கள் எழும்புவதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டாயிற்று. ஃபார்மசியில் சிரப் முடிந்துவிட்டது. துளி மருந்துப் போத்தலைத் தந்து "ரெண்டும் ஒண்டுதான் மிஸ்" என்றார் அங்கே நின்றவர். துண்டில் இருந்தது மூன்றே முக்கால் மில்லி. வீட்டுக்கு வந்து அந்தச் சின்னத் துளிக் குழாயால் நாலு தடவை உறிஞ்சிக் கொடுத்து முடித்தேன். என் கணவர் போத்தலை லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "ஒரு வேளைக்கே கால் போத்தல் போகுமோ?"

சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 மில்லிகிராம். எங்கள் கையில் இருந்த துளி மருந்தில் ஒரு மில்லிக்கே 100. ஏறத்தாழ நாலு மடங்கு. லேபலில் எறும்பு அளவு எழுத்தில் இருந்தது.

பொரளைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அங்கே லேடி ரிட்ஜ்வே அரச சிறுவர் ஆஸ்பத்திரியில் அன்றிரவு கடமையில் இருந்த டொக்டர் என்னைவிட வயது குறைந்த ஒரு சிங்களப் பிள்ளை. அவர் ஒரு துண்டுக் கடதாசி எடுத்து, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு கிலோவுக்கு 90, நீங்கள் கொடுத்தது 375 என்று எழுதிக் காட்டினார். ஒரு தரம்தான் கொடுத்தீர்கள், பயப்பட ஒன்றும் இல்லை, இதையே நாள் முழுக்கக் கொடுத்திருந்தால்தான் ஈரலுக்குப் பிரச்சினை என்றார். "அம்மா, அளூ வேண்டாம்" என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில். விடியும் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். அந்தக் கடதாசி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

"எந்தப் போத்தல், எத்தனை மில்லி, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒரு தரம்?" பத்து விநாடிக் கேள்வி. போத்தல் மாறினால் திரும்பிப் போய்க் கேட்டிருக்க வேண்டும். ஏன் கேட்கவில்லை? டொக்டர் கோபிப்பார் என்று. அடுத்த நம்பர்க்காரர் முறைப்பார் என்று.

அந்தத் தம்பியின் கொப்பியில் என்ன இருந்தது என்று சிரித்தவர்கள் யாராவது பார்த்தீர்களா? நானும் பார்க்கவில்லை. ஆனால் ஊகிக்க முடியும், ஏனென்றால் எல்லாத் தாய் தகப்பனுக்கும் வருவது ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். பால் போதுமா? (முதல் வாரம் கழிந்தால் நாளுக்கு ஆறு தரமாவது சலம் போகிறதா பாருங்கள், நிறை ஏறுகிறதா பாருங்கள். ஆஸ்பத்திரியில் தரும் பதிவேட்டில் அந்த நிறைக் கோடு எதற்குப் போட்டிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?) மஞ்சளாக இருக்கிறாளே, இது சாதாரணமா? பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது சாதாரணம் இல்லை. மலம் வெளுத்துப் போனாலும் சாதாரணம் இல்லை. இதையெல்லாம் யாராவது வாய் திறந்து சொன்னால்தானே தெரியும்? எங்கள் வீடுகளில் சொல்வது "காலமை வெயில்ல பிடியுங்கோ, போயிடும்" என்பதுதான்.

எல்லாக் கேள்விக்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது. வேறு எதையும் கேட்காவிட்டாலும் இதைக் கேளுங்கள்: எதைக் கண்டால் யோசிக்காமல் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும்? மூன்று மாதம் ஆகாத பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்துவிட்டு விடியட்டும் என்று வீட்டில் இருக்கக் கூடாது. இது எனக்கு மூத்தவளின் காலத்தில் தெரியாது. இளையவனின் காலத்தில்தான், கேட்டதால், தெரிந்தது. கொழும்பில் டெங்கு இல்லாத மாதம் எது? டெங்குவாக இருக்கலாம் என்பதால், காய்ச்சல் என்றவுடன் வீட்டில் கிடக்கும் இபுபுரோஃபென் மருந்தை ஊற்றிக் கொடுக்கக் கூடாது என்பதும் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

இப்போது வருவார்கள். "டொக்டர்மாரும் மனிசர்தானே, வெளியில அறுபது பேர் இருக்கினம்." ஒத்துக்கொள்கிறேன். அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஒரு டொக்டர் படும் பாட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அங்கே நான் வாய் திறக்கவும் யோசிப்பேன். ஆனாலும் எனக்குப் பொறுமையாகக் கணக்கு எழுதிக் காட்டியது அங்கேதான். சனல் காசு, ஆஸ்பத்திரிக் காசு, ஓட்டோக் காசு எல்லாம் கொடுத்துப் போன இடத்தில் இல்லை. அதை என்னவென்று சொல்ல?

"கூகிள் பார்த்திட்டு வந்து டொக்டருக்குப் படிப்பிக்கினம்." ஐயா, கூகிளில் பார்த்துவிட்டு டொக்டரிடம் போகாமல் இருப்பவர்தான் ஆபத்து. கொப்பியோடு டொக்டரின் வாசலில் போய் நின்றவர், டொக்டரின் வாயால் கேட்கத்தானே போனார்? அவரைத் துரத்திவிட்டால் அடுத்த தரம் அவர் யாரிடம் கேட்பார்? அந்தக் கூகிளிடம்தான். இல்லாவிட்டால் பிள்ளையின் நாக்கில் தேன் தடவச் சொல்லும் மாமியிடம். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கக் கூடாது என்று நான் சொன்னதற்கு எங்கள் வீட்டில் இரண்டு நாள் கதை பேச்சு இல்லாமல் போனது, அது வேறு கதை.

பிறகு, சித்தப்பாவின் வாதம். "நாங்கள் என்ன கேட்டுக் கேட்டா வளர்த்தனாங்கள்?" 1940களின் தொடக்கத்தில் இந்த நாட்டில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் நூறுக்கு மேல் ஒரு வயதைக் காணவில்லை. இன்றைக்கு அது பத்துக்கும் குறைவு. ஊசி வந்தது, வீட்டுக்கு வீடு மிட்வைஃப் வந்தார், தாய்மார் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆனார்கள். கேட்காமல் வளர்த்த காலத்தைப் பற்றி அம்மம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். ஒன்பது பெற்றார். ஆறு பேரின் பெயரைத்தான் சொல்லுவார்.

சித்தப்பா, உங்களுக்கு இன்னொன்றும் தெரியும். எனக்கு முன்னால் ஒருவன் பிறந்தான், ஒன்பது நாள் இருந்தான். செங்கமாரி, அதாவது மஞ்சள், என்றார்கள். அம்மா ஏன் என்று கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. போன வருடம்தான் அம்மா அதைப் பற்றி ஒரே ஒரு வசனம் சொன்னார், வெங்காயம் உரித்துக்கொண்டு. "அவை சிங்களத்தில கதைச்சவை, நான் ஒவ் ஒவ் எண்டு தலையாட்டிக்கொண்டு நிண்டனான்." ஒவ் என்றால் சிங்களத்தில் ஓம். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் நின்றேன். 1987இல் தமிழும் அரச மொழி ஆகிவிட்டதாம். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன காலத்திலும் கதவுக்கு அந்தப் பக்கம் "ஒவ் டொக்டர், ஒவ் டொக்டர்" தான். விளங்கியதா என்று அவரும் கேட்கவில்லை, விளங்கவில்லை என்று நானும் சொல்லவில்லை. பிழையான சிங்களத்தில் கேட்டு, வெளியில் இருக்கும் அறுபது பேருக்கு முன்னால் முட்டாளாகிவிடுவேனோ என்ற பயம். அந்தப் பயத்தில் பிள்ளைக்கு நாலு மடங்கு மருந்து ஊற்றினேன்.

அந்தத் தம்பி கேள்விகளை மூன்று மொழியிலும் எழுதிக்கொண்டு போனாராம். சிரித்தவர்கள் பகிர்ந்த அதே பதிவில்தான் அதுவும் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் சிரித்தீர்கள்.

தம்பி, உங்களை எனக்குத் தெரியாது. இது உங்கள் கண்ணில் படுமோ என்றும் தெரியாது. அடுத்த ஊசி நாலாம் மாதம்தானே. கொப்பியைக் கொண்டு போங்கள். ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் எந்தப் போத்தல், எத்தனை மில்லி என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். பேனையையும் மறக்காதீர்கள், அங்கே கேட்டால் தரமாட்டார்கள்.