எஃப்-டைப்பைச் சத்தத்துக்காக மட்டும் பாராட்டாதீர்கள்

ஜாகுவார் எஃப்-டைப் ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே நம் ஆட்களுக்கு சைலன்சர் சத்தம்தான். ரீல்ஸில் யாராவது நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரை மிதித்துப் பட்பட்டென்று வெடிக்க வைப்பார், சுற்றி நாலு பேர் போனைத் தூக்கிப் பிடிப்பார்கள், அவ்வளவுதான் அந்தக் காரின் கதை. கொஞ்சம் கார் தெரிந்தவர்களிடம் பேசினால் வேறு பாட்டு. "பாக்க அழகா இருக்கும், சத்தம் செமையா இருக்கும், ஆனா அந்தக் காசுக்கு போர்ஷே வாங்கிடலாமே." இந்த 'ஆனா'வுக்கு ஒரு பதில் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஓர் எண்ணம். இன்று கடைக்கு லீவு, எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் போகும்.

என்னிடம் இருப்பது 2014 மாடல் கூபே, அதாவது கூரை மூடிய இரண்டு கதவு கார், வி6 எஸ். ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர் எஞ்சின், மேலே காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர், 380 குதிரைத்திறன். புதிதாக வாங்கும் வசதியெல்லாம் கிடையாது, செகண்ட் ஹேண்ட்தான். புதுச்சேரியில் டைல்ஸ், சானிட்டரி வியாபாரம். வீட்டில் இன்னொவா ஒன்று இருக்கிறது, குடும்பத்துக்கு அதுதான் கார். இது எனக்கு.

வண்டி நம்பர் பி.ஒய். 01, புதுச்சேரிப் பதிவு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சென்னையில் சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் முதலில் காரைப் பார்ப்பார், அப்புறம் நம்பர் பிளேட்டைப் பார்ப்பார், அப்புறம் ஒரு நமட்டுச் சிரிப்பு. வரியை மிச்சம் பிடிக்க யார் யாரோ இங்கே வாடகை வீட்டு முகவரி காட்டிப் பதிந்துகொண்டு போனதில், பாண்டிச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவனும் திருடன் கணக்கில் சேர்ந்துவிட்டான். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. அதை மதிக்காதவர்களிடம் போய்ச் சிரியுங்கள் சார். எனக்கு ரேஷன் கார்டே இங்கேதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எஃப்-டைப் 2012-ல் பாரிஸ் கண்காட்சியில் வந்தது. ஜாகுவாரின் வடிவமைப்புத் தலைவர் இயன் கேலம் தலைமையில் வரைந்தார்கள். 2013-ல் உலகின் சிறந்த கார் வடிவமைப்பு என்ற விருதும் வாங்கியது. அழகில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை எங்கே வந்தது என்றால், விலையைக் கொண்டுபோய் போர்ஷேயின் விலை குறைந்த பாக்ஸ்டருக்கும் விலை கூடிய 911-க்கும் நடுவே வைத்தார்கள். அன்றிலிருந்து மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பாக்ஸ்டர்காரன் "இது கனம்" என்றான். 911-காரன் "இதில் பின்சீட் இல்லை, டிராக்கில் எங்களைத் தொட முடியாது" என்றான். ஸ்போர்ட்ஸ் கார் என்று பார்த்தால் எடை அதிகம், தூரப் பயணத்துக்கான கார் என்று பார்த்தால் டிக்கி சிறிசு. இரண்டிலும் பாஸ் மார்க் போட்டு அனுப்பிவிட்டார்கள். 911 இப்போது ஓராண்டிலேயே 50,000-ஐத் தாண்டி விற்கிறது. எஃப்-டைப் தன் ஆயுள் முழுக்க விற்றும் 90,000-ஐத் தொடவில்லை.

இந்த மார்க்கெல்லாம் எந்த ரோட்டில் போட்டது என்பதுதான் என் கேள்வி. ஜெர்மனியில் ஒரு பந்தயத் தடத்தில் எத்தனை நிமிடம் என்று பார்த்துப் போட்ட மார்க். நான் அங்கே போகப்போவதில்லை. நான் போவது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு.

அந்த ரோட்டைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். முருங்கப்பாக்கம் தாண்டும்வரை நடை வேகம்தான். அரியாங்குப்பம் பாலம், நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு, தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், முள்ளோடையில் எல்லை, ரெட்டிச்சாவடி, அப்புறம் தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். மொத்தமே இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். பகலில் போனால் பஸ்ஸுக்குப் பின்னால்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போய்ப் பாருங்கள். வேகம் ஒன்றும் வேண்டாம், எண்பது போதும். அந்த எண்பதிலேயே இந்தக் கார் என்ன செய்கிறது என்பது புரியும்.

எஞ்சின் முன்னால், ஓடுவது பின்சக்கரத்தில். நீங்கள் உட்காருவதோ பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டை ஒட்டி. எதிரே நீளமாக பானெட், அதன் இரண்டு தோள்களும் கண்ணாடி வழியாகத் தெரியும். ஸ்டியரிங்கை லேசாக அசைத்தால் தூரத்தில் இருக்கிற மூக்கு முதலில் திரும்பும், அதற்குப் பிறகு பின்சக்கரம் தரையைப் பிடித்துத் தள்ளுவது உங்கள் இடுப்பில் தெரியும். திருப்பத்துக்கு உள்ளே போவதும் வெளியே வருவதும் தனித்தனியாக உடம்புக்குத் தெரிகிற கார்கள் இப்போது குறைந்துகொண்டே போகின்றன. 2016 மாடலிலிருந்து இதற்கும் மின்சார ஸ்டியரிங் வந்துவிட்டது. என்னுடையது அதற்கு முந்தியது, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக். பாலத்தின் இணைப்புகள், ஒட்டுப்போட்ட தார், ஓரத்தில் சேர்ந்த மணல் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கைக்கு வந்து சேரும். பழசை வாங்கியதில் கிடைத்த லாபம் இது.

எடையைப் பற்றிச் சொல்கிறார்கள். உண்மைதான், அலுமினியத்திலேயே செய்தும் 1,600 கிலோ பக்கம் வருகிறது. ஆனால் அந்தக் கூட்டின் விறைப்பைச் சேர்த்துச் சொல்வதில்லை. கூபேயைக் கொண்டுவந்தபோது ஒரு டிகிரி முறுக்க 33,000 நியூட்டன் மீட்டர் வேண்டும் என்றார்கள், அதுவரை வந்த ஜாகுவார்களிலேயே அதுதான் உறுதியானது. நம் ரோட்டில் அதற்கு என்ன அர்த்தம்? பள்ளத்தில் இறங்கினால் ஒரு 'தொம்' கேட்கும், அதோடு சரி. டேஷ்போர்டு கிடுகிடுக்காது, கதவு முனகாது. பத்து வருஷம் தாண்டிய கார், இன்னும் அப்படித்தான். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது முதுகுக்கு நல்லதில்லை, அதை மறைக்க மாட்டேன். வேகத்தடைகளில் சாய்த்து ஏற்றி இறக்க வேண்டும், பின்னால் வரும் ஆட்டோக்காரர் திட்டுவார், வாங்கிக்கொள்ள வேண்டும்.

சத்தம் பற்றி ஒரே ஒரு வரி: அதை அடக்க ஒரு பட்டன் இருக்கிறது, எங்கள் தெருவில் அது எப்போதும் அடக்கியேதான் இருக்கும். எட்டாவது கியரில் நூறில் போனால் எஞ்சின் இரண்டாயிரம் சுற்றுக்கும் கீழே பேசாமல் கிடக்கும். ஈ.சி.ஆரில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிச் சென்னைக்குப் போய் இறங்கினால், இன்னொவாவில் போனதைவிட அலுப்பு குறைவு. சந்தேகம் இருப்பவர்கள் என் மனைவியைக் கேட்கலாம். அவளுக்கு இந்தக் கார் மேல் பாசம் ஒன்றும் இல்லை, சீட் மேல் இருக்கிறது.

டிக்கி விஷயத்தில் எதிர்க்கட்சியோடு உடன்படுகிறேன். ஸ்டெப்னி டிக்கிக்குள் படுத்திருக்கும். அது போக மிச்ச இடத்தில் ஒரு பை, ஒரு குடை. கடலூருக்குள் நுழையும் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பாண்டியிலிருந்து வருகிற வண்டி என்றால் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள், சரக்கு கடத்துகிறோமா என்று பார்க்க. என் டிக்கியைத் திறந்து பார்த்த காவலர் ஒருவர் ஸ்டெப்னியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்ளோ பெரிய கார்ல ஒரு குவார்ட்டர் வெக்கக்கூட இடம் இல்லையே சார்." இந்தக் காருக்கு நான் படித்த விமர்சனங்களில் இதைவிடச் சரியானது இல்லை.

இப்போது வலிக்கிற இடம். இந்த வி6 எஞ்சின் தனியாகப் பிறந்தது இல்லை. ஜாகுவாரின் ஐந்து லிட்டர் வி8 எஞ்சினின் அதே வார்ப்பில் பின்னால் இரண்டு சிலிண்டரைத் துளைக்காமல் விட்டுச் செய்தது. அதனால் நீளம் அப்படியே வி8 நீளம். நல்லதும் கெட்டதும் அண்ணனிடமிருந்தே வந்தன. கெட்டது எது என்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் ஓடுகிற குழாய்கள். சூப்பர்சார்ஜருக்கு அடியில், சூடு அதிகமான இடத்தில், பிளாஸ்டிக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். சில வருஷம் வெந்து, விறைத்து, இணைப்பில் விரியும். கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சின் போய்விடும்.

எனக்கும் வந்தது. கூலண்ட் அளவு குறைந்துகொண்டே போனது, தரையில் ஒரு சொட்டும் இல்லை. சர்வீஸுக்குச் சென்னைதான், லாரியில் ஏற்றி அனுப்பினேன். அங்கே ஊற்றி நிரப்பி, "நார்மல்தான் சார், ஆவியாகும்" என்று பில் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மூடிய அமைப்பில் எங்கே ஆவியாகும்? கடைசியில் கண்டுபிடித்தது இங்கே ஷெட் வைத்திருக்கும் ஒரு ரேடியேட்டர் மெக்கானிக். பானெட் எந்தப் பக்கம் திறக்கும் என்பதே அவருக்கு முதலில் பிடிபடவில்லை, ஏனென்றால் இது மூக்குப் பக்கம் கீல் வைத்து, ஜாகுவாரின் பழைய ஈ-டைப் கார் மாதிரி முன்னோக்கிக் கவிழும். திறந்ததும் செல்போன் டார்ச்சை அடித்து, தலையை உள்ளே விட்டு, மூக்கால் இழுத்து மோந்தார். "இனிப்பு வாசனை வருது பாருங்கண்ணே." அப்புறம் ஒரு கம்பியை விட்டுச் சுரண்டிக் காட்டினார். நுனியில் ஆரஞ்சு நிறத்தில் காய்ந்த பொடி. ஜாகுவார் கூலண்டின் நிறம் அது. கசிந்தது எல்லாம் சூட்டில் அங்கேயே காய்ந்திருக்கிறது, தரைக்கு எப்படி வரும்? குழாய்கள் வெளிநாட்டிலிருந்து வரும்வரை வாரக்கணக்கில் கார் படுத்துக் கிடந்தது. மாட்டியபின் அந்தப் பிரச்சினை இல்லை.

"இதுக்குத்தான் போர்ஷே வாங்கச் சொன்னோம்" என்று கீழே ஒருவர் எழுதுவார் என்று தெரியும். அண்ணே, அந்த வயசு 911 இதைவிட எவ்வளவு அதிக விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். எஃப்-டைப்பை யாரும் மதிக்காததால்தான் அது என் கைக்கு எட்டுகிற விலைக்கு இறங்கியது. அந்த வித்தியாசத்தில் எத்தனை குழாய் வேண்டுமானாலும் மாற்றலாம். மதிப்பு இறங்குவது முதலில் வாங்கியவருக்கு நஷ்டம், இரண்டாவதாக வாங்கியவனுக்கு அதுதான் வழி.

கடல்காற்றைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: உடம்பு அலுமினியம் என்பதால் துரு இல்லை. பிரேக் டிஸ்க் ஒரு வாரம் சும்மா நின்றால் பழுப்பேறிவிடும், முதல் சில பிரேக்கில் உராய்ந்து போகும். அடியில் இருக்கும் இரும்பு போல்ட்டுகளைத்தான் கவனிக்க வேண்டும். மழை வேறு கதை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகரில் மழை வருகிறது என்று சொன்னாலே தண்ணீர் நிற்கும், அன்று கேட்கவே வேண்டாம். என் கார் தப்பியது, எங்கள் குடோன் தரை ரோட்டைவிட உயரம் என்பதால். டைல்ஸ் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு முந்தின நாளே உள்ளே ஏற்றிவிட்டேன். கடைப் பையன்களுக்கு என் மேல் கோபம், நியாயமான கோபம்தான்.

பெட்ரோல் இன்னொரு கவலை. இந்த எஞ்சின் வந்த காலத்தில் பெட்ரோலில் எத்தனால் அதிகம் போனால் 10 சதவீதம் என்று கணக்குப் போட்டுச் செய்தார்கள். இப்போது பங்க்கில் வருவது 20. ரப்பர் குழாய்களைச் சீக்கிரம் பார்த்து மாற்றுவதைத் தவிர நம் கையில் ஒன்றும் இல்லை. மைலேஜ் கேட்காதீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும், கடைக்கு வருகிற கொத்தனார் முதல் ஆடிட்டர் வரை கேட்கிறார்கள். ஊருக்குள் ஐந்து, வெளியே ஒன்பது, பத்து. தமிழ்நாட்டைவிட இங்கே பெட்ரோல் விலை கொஞ்சம் குறைவு என்பதே ஆறுதல்.

2024-ல் எஃப்-டைப் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஜாகுவார் இனிமேல் மின்சாரக் கார்தான் செய்யுமாம். 2008-லிருந்தே கம்பெனி டாடா கையில். அதே 2024-ல் ராணிப்பேட்டை பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள், அங்கே ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் தயாராகும் என்று அப்போது திட்டம் சொன்னார்கள். சந்தோஷம்தான், நம் பிள்ளைகளுக்கு வேலை. ஆனால் எஞ்சின் முன்னால், ஓட்டுகிறவன் பின்னால் என்று நீண்ட பானெட்டோடு ஒரு ஜாகுவார் அங்கிருந்து வரப்போவதில்லை.

இன்பாக்ஸில் "வாங்கலாமா" என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை, இங்கேயே சொல்கிறேன். வி6 வாங்குங்கள். இரண்டு லிட்டர் நாலு சிலிண்டர் பின்னால் வந்தது, ஊருக்குப் போதும், மூக்கும் லேசு, ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. கூலண்ட் குழாய் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் குறையுங்கள். பதிவு எந்த ஊரில், வரி எங்கே கட்டியது என்று ஆர்.சி.யை நன்றாகப் பாருங்கள், முக்கியமாக பி.ஒய். நம்பர் என்றால். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இரண்டாவது கார் கட்டாயம். அப்புறம், யாரை அதிகம் ஏற்றிப் போகப் போகிறீர்களோ அவரை, அம்மாவோ மனைவியோ, பக்கத்து சீட்டில் ஒருமுறை உட்கார வைத்து எழுப்பிப் பாருங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்கப்புறம்.