பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் அரிசி வைத்திருக்கச் சொன்ன அண்ணாவுக்கு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய மாணவர் சந்திப்பில் என்ன நடந்தது என்று பலர் உள்பெட்டியில் கேட்டிருந்தீர்கள். இணையவழியில் இருந்தவர்கள் நேரிலேயே பார்த்தீர்கள். ஒரு நாடு குலைந்துபோனால் குடும்பத்தைக் காப்பது எப்படி என்று பேசவந்த அண்ணா, பொருளாதாரம் சரிந்து எரிபொருளும் உணவும் தட்டுப்பட்ட 2022இன் இலங்கையை உதாரணமாக வைத்து, வீட்டில் ஆறு மாத உணவைச் சேர்த்துவையுங்கள், அது இருப்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது, பசித்த அயலவன்தான் முதலில் உங்கள் கதவை உடைப்பான் என்றார். அந்த ஆண்டு முழுவதும் நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தேன், அப்படி நடக்கவில்லை என்று சொல்லத் தொடங்கியபோது, நேரம் போதாது என்று என் ஒலிவாங்கி நிறுத்தப்பட்டது. அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அந்த ஆண்டு எங்களை உயிரோடு வைத்திருந்தது பக்கத்து வீடு. எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததுதான் எங்கள் பாதுகாப்பு.

மார்ச் 31ஆம் திகதி மின்வெட்டு 13 மணிநேரம் நீண்டது. அன்றிரவுதான் மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டுக்கு முன்னால் சனம் திரண்டது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. மருந்தைப் புகையாகச் செலுத்தும் கருவிக்கு மின்சாரம் வேண்டும். மாடிக் குடியிருப்பின் ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. வெளியே எடுத்துச் செல்ல வாகனத்தில் பெற்றோல் இல்லை. கீழ்த்தளத்து ஹாஜியார் வீட்டில் கார் பற்றரியோடு இணைத்த இன்வேட்டர் ஒன்று இருந்தது. நாங்கள் போய்க் கேட்கவில்லை. அப்பாவுக்கு இழுப்பு இருப்பதும் வீட்டில் அந்தக் கருவி இருப்பதும் தெரிந்தபடியால், விளக்குகள் அணைந்த சிறிது நேரத்திலேயே அவருடைய மகன் படியேறி வந்து, ஐயாவைக் கீழே கூட்டிவாருங்கள் என்றான். அண்ணாவின் அறிவுரைப்படி அவர்கள் அந்த இன்வேட்டரை எங்களிடமிருந்து மறைத்துவைத்திருக்க வேண்டும். நாங்களும் அப்பாவின் நோயை அவர்களிடம் சொல்லியிருக்கக் கூடாது.

காஸ் வரிசையையும் சொல்ல வேண்டும். வெறும் சிலிண்டர்களை ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்து வீதியோரத்தில் விட்டுவிட்டு, முறைவைத்துக் காவல் இருந்தோம். எங்கள் வரிசையை ஒழுங்குபடுத்தியவர் தையல்வேலை செய்யும் ஒரு சிங்கள அக்கா. அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. கையில் ஒரு பாடசாலைக் கொப்பி மட்டும் இருந்தது. அதில் இலக்கமும் பெயரும் எழுதினார். கைக்குழந்தைக்காரிகளை முன்னால் விட்டார், முதியவர்களை வீட்டுக்கு அனுப்பி அவர்களுடைய இடத்தைக் கொப்பியில் காத்தார். என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் அழைப்பார். ஒருநாள் இரவு ஒரு ஜீப்பில் வந்தவர்கள் வரிசையைத் தாண்டி நான்கு சிலிண்டர் எடுக்க முயன்றபோது, அந்த அக்கா கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாகனத்துக்கு முன்னால் போய் நின்றார். அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் நின்றோம். ஒருவரும் கல் எடுக்கவில்லை. ஜீப் திரும்பிப் போனது.

வரிசைகளில் சண்டையே நடக்கவில்லையா, கத்திக்குத்து நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்தது. அந்த மார்ச்சில் எரிபொருள் வரிசையில் ஒருவர் குத்தப்பட்டு இறந்தார். முதியவர்கள் வரிசையிலேயே சரிந்து இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எரிபொருள் நிலையங்களில் இராணுவத்தை நிறுத்தினார்கள். ஆனால் நாடு முழுவதும் இலட்சக்கணக்கான மனிதர்கள் இரவும் பகலும் தெருவில் நின்ற ஓர் ஆண்டில், அந்த ஒரு கத்தியை எடுத்து மக்கள் எல்லோருடைய கையிலும் கொடுப்பது நியாயமா? ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் ஜூன் முடிவில் 470 ரூபாவானது. செப்டெம்பரில் கொழும்பின் உணவு விலைகள் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 95 வீதம் உயர்ந்திருந்தன. பசி இவ்வளவு முற்றிய நகரத்தில் பக்கத்து வீட்டுக் கதவை உடைத்தவர்கள் எத்தனை பேர்? எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை.

துப்பாக்கிகளும் தடிகளும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் விலையேற்றத்தை எதிர்த்துப் பாதையை மறித்த சனத்தின் மீது சுட்டது பொலிஸ், ஒருவர் இறந்தார். மே 9ஆம் திகதி காலை பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையில் கூடிவிட்டு, வெளியே வந்து அமைதியாக இருந்த போராட்டக்காரரை அடித்து, போராட்டக்காரர் முகாமிட்டிருந்த காலிமுகத்திடல் வரை போய்க் கூடாரங்களைப் பிய்த்து எரித்தவர்கள் ஆளுங்கட்சியின் ஆதரவாளர்கள். அவர்கள் பசித்த அயலவர்கள் அல்லர். ஜூன் 18ஆம் திகதி முல்லைத்தீவின் விசுவமடுவில், எரிபொருள் நிலையத்தில் ஏற்பட்ட தகராறில் சுட்டது இராணுவம். வரிசையில் நின்றவர்கள் சுடவில்லை.

மே 9ஆம் திகதி மாலையில் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன, நிட்டம்புவவில் பாராளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரள கொல்லப்பட்டார் என்பதை நான் மறைக்கவில்லை. அது கொலை. அதை நியாயப்படுத்த ஒரு சொல்லும் என்னிடம் இல்லை. ஆனால் காலையில் என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டு மாலையில் இருந்து கதை சொல்லத் தொடங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அன்றிரவு ஊரடங்கில், கீழ்த்தளம் முதல் மேல்தளம் வரை எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்திருந்தன. எந்தச் சத்தம் கேட்டாலும் எல்லோருக்கும் தெரியட்டும் என்பதற்காகத் திறந்துவைத்தோம்.

இனி, தமிழரைத் தேடித் தாக்கிய கலவரம் நடந்த 1983ஐ மறந்துவிட்டாயா என்ற கேள்வி. இதை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் எழுத்துப் பகுதியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், அதுதான் எனக்கு அதிகம் நொந்தது. நான் மறக்கவில்லை. அந்த யூலையில் கொழும்பில் வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. எந்த வீடு தமிழர் வீடு என்பதைத் தாளில் பார்த்து வந்தார்கள். அப்போது அம்மாவுக்கு இருபது வயது. பின்வீட்டுச் சிங்களத் தாயார் ஒருவர் இரண்டு நாள் அவரை அலுமாரிக்குப் பின்னால் மறைத்துவைத்து, பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்ந்தார். காட்டிக்கொடுத்த அயலவர்களும் இருந்தார்கள் என்று அம்மாவே சொல்வார். அதே தெருவில் இரண்டு வகை மனிதரும் இருந்தார்கள். அம்மா எப்படித் தப்பினார்? அந்தத் தாயாருக்கு அம்மாவைத் தெரிந்திருந்தது. பெயர் தெரிந்திருந்தது, படிப்புத் தெரிந்திருந்தது, முருங்கைக்காய் கொடுத்து வாங்கிய பழக்கம் இருந்தது. ஒருவரையும் நம்பாதே என்று வளர்க்கப்பட்டிருந்தால் அம்மா யாருடைய கதவைத் தட்டியிருப்பார்?

இதற்குள் எனக்கு வேறொரு மனவருத்தமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். வன்னியில் 2009இல், போரின் கடைசி மாதங்களில், கஞ்சிக்கு வரிசையில் நின்ற எங்கள் சனத்தைத் தெற்கில் பலர் அன்று பார்க்கவில்லை. பால்மா வரிசை தங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் அவர்களுக்கு அரசு எப்படிப்பட்டது என்று தெரிந்தது. 2022 மே 18 அன்று காலிமுகத்திடலிலேயே, அந்தப் போர் முடிந்த முள்ளிவாய்க்கால் நினைவு கூரப்பட்டுக் கஞ்சி கொடுக்கப்பட்டபோது நான் அங்கே நின்றேன். கொப்பி அக்காவும் என்னோடு வந்திருந்தார். கஞ்சியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, உப்பு இல்லையே நங்கி என்றார். அப்போது உப்பும் இருக்கவில்லை அக்கா என்று சொன்னேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் குடித்து முடித்தார். பதின்மூன்று ஆண்டு பிந்தி வந்த அந்த ஒரு கோப்பைக்காக அவரை வெறுக்க என்னால் முடியவில்லை. வெறுக்கச் சொல்லி எனக்குக் கற்பிக்க, அந்த வரிசையில் ஒரு மணிநேரமும் நில்லாதவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

அண்ணா, உங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. அந்த ஆண்டு நீங்கள் அனுப்பிய மருந்துப் பொதிகள் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகளுக்குப் பயன்பட்டன. அவற்றை வாங்கி மறைத்துவைக்காமல், யாருக்கு எது தேவை என்று கேட்டுப் பங்கிட்டதால்தான் பயன்பட்டன. அரிசி சேர்த்துவைப்பதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சங்கக்கடையில் ஒன்றும் இல்லாத நாட்களில் வீட்டில் இருந்த பத்துக் கிலோவின் அருமை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்குச் சொல்லாதே என்ற அந்த ஒரு வாக்கியத்தைத்தான் எதிர்க்கிறேன்.

கூட்டத்தின் காணொளி இன்னும் எங்கள் குழுவில் இருக்கிறது. இப்போது பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளும் அதைப் பார்க்கிறார்கள். அந்த வாக்கியத்தை நீக்குங்கள். அல்லது என் ஒலிவாங்கியை நிறுத்திய இடத்திலிருந்து நான் பேசவிருந்த பத்து நிமிடத்தைப் பேசி அனுப்புகிறேன், அதையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.