அவளுக்கு இன்னொரு சப்ஜெக்ட்

கல்லூரிக் காதல் கதைகளில் எனக்குப் பிடிக்காதவர்கள் நாயகனின் நண்பர்கள். நானும் அப்படி ஒரு நண்பனாக இருந்தவன், அதனால்தான் சொல்கிறேன்.

வகுப்புத் தோழன் ஒருவன் இரண்டாம் வருடத்தில் கூடப் படித்த பெண்ணிடம் காதலைச் சொன்னான். அவள் கோபப்படவில்லை. "இப்போ வேண்டாமே, படிப்பு முடியட்டும்" என்றாள். 'வேண்டாம்' எங்கள் காதில் ஏறவே இல்லை. 'முடியட்டும்' மட்டும் ஏறியது. அன்று ராத்திரியே ஹாஸ்டல் அறையில் கூடி, இது சம்மதம்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டோம்.

அப்புறம் ஆரம்பித்தது பையனின் தவம். நூலகத்தில் அவள் வழக்கமாக உட்காரும் ஜன்னலோர இடத்தை முன்கூட்டியே போய்ப் பை வைத்துப் பிடிப்பான். அவள் வராத வகுப்பின் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து வைப்பான், கேட்காமலேயே. செமஸ்டர் தேர்வன்று ஹால் வாசலில் நிற்பான். ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. நல்ல பையன், சிக்கலே அதுதான். வம்பு பண்ணுகிறவனை முறைத்து அனுப்பிவிடலாம். சும்மா நிற்கிறவனை என்ன செய்வது? சிரித்தால் நம்பிக்கை கொடுத்த மாதிரி. சிரிக்காவிட்டால் 'சீன் போடுறா'. அந்தப் பட்டத்தைக் கொடுத்தது வேறு யாருமில்லை, நாங்கள்தான். (அவனுக்கு அப்போது இரண்டு அரியர். அதைப் பற்றி ஒருத்தரும் அவனிடம் பேசவில்லை.)

சங்க இலக்கியத்தில் மடலேறுதல் என்று ஒன்று உண்டு. காதல் கைகூடாதவன் பனைமடலில் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, அவள் உருவம் எழுதிய படத்தோடு ஊர்த்தெருவில் வருவது. மடலேறுவேன் என்று அவன் சொல்கிற வரைக்கும் அது ஐந்திணையில், அதாவது ஒத்த காதலில் சேரும். நிஜமாகவே ஏறிவிட்டால் பெருந்திணை, பொருந்தாக் காமம். ஊரைக் கூட்டி ஒருத்தியைச் சம்மதிக்க வைப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று இலக்கணக்காரர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை. பனங்குதிரையை இழுத்தவர்களே நாங்கள்தானே.

ஐந்தாம் செமஸ்டரில் அவள் நூலகத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். லேப் பேட்சையும் கேட்டு மாற்றிக்கொண்டாள். நாங்கள் அதற்கும் 'வெட்கம்' என்று பொருள் சொன்னோம்! கடைசியில் அவளே ஒரு நாள் அவனைக் கூப்பிட்டுப் பேசினாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"நீ நல்லவன்தான். ஆனா நீ காத்திருக்கிறது எனக்கு இன்னொரு சப்ஜெக்ட் மாதிரி இருக்கு. சிலபஸும் தெரியல, பரீட்சை எப்பன்னும் தெரியல."

அவன் மறுபேச்சுப் பேசவில்லை, "சரி" என்றான். அத்தனை நாளில் அவன் அவளுக்காகச் செய்தவற்றில் நான் மதிப்பது அந்த ஒரு 'சரி'யைத்தான். நாங்கள் மட்டும் விடவில்லை, இன்னொரு தடவை பேசிப் பார் என்று ஒரு வாரம் குடைந்தோம். "போதும்டா" என்று அரியர் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சேர்ந்தார்களா என்றுதான் இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இல்லை. ஏழாம் செமஸ்டரில் அவள் மறுபடி அந்த ஜன்னலோர இடத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். அவன் அதற்கு முன்பே தன் பையோடு மேல் மாடிக்குப் போயிருந்தான். அங்கே ஃபேன் கூடச் சரியாக ஓடாது.