“டபுளாகும் சார்!” எத்தனை வருஷத்துல?

வாய் நிறையச் சிரிப்போடு இன்ஷூரன்ஸ் பாலிசி விற்க வருகிறவர் முதலில் பாலிசியைப் பற்றிப் பேசவே மாட்டார். “பசங்க நல்லா படிக்கணும்ல?” “ஆமா.” “செலவு ஏறிக்கிட்டே போகுதுல்ல?” “ஆமா.” இப்படி நாலு ‘ஆமா’ வாங்கிவிட்டால் ஐந்தாவது தானாக வந்துவிடுமாம். அடுத்தது தொகை: “வருஷம் 1 லட்சம், பத்தே வருஷம். 20 வருஷ முடிவுல 20 லட்சம். டபுள்!”

இந்த ‘டபுள்’தான் எரிச்சலைக் கிளப்புகிறது. சதவீதத்தைச் சொல்ல வாய் வராது. முதல் தவணை 20 வருஷம், கடைசித் தவணை 11 வருஷம் என்று பத்துத் தவணையையும் சேர்த்துப் பார்த்தால் பணம் சராசரியாக பதினைந்தரை வருஷம் கம்பெனியிடம் கிடக்கிறது. பணம் இரட்டிப்பாகும் வருஷத்தால் 72-ஐ வகுத்தால் வட்டி சதவீதம் தோராயமாகக் கிடைத்துவிடும். 72-ஐ 15.5-ஆல் வகுத்தால் 4.6, துல்லியமாகப் போட்டால் வருஷத்துக்கு சுமார் 4.5 சதவீதம். இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்!

போனஸ் (கம்பெனி லாபத்தில் ஒரு பங்கு) உள்ள பாலிசி என்றால் விளக்கத் தாளில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு கணக்கு இருக்கும். இரண்டுமே வெறும் அனுமானம். ஆனால் பேனா முனை 8-ஐ மட்டுமே வட்டமிடும். 4-இன் மேல் கட்டைவிரல். (தற்செயலாம்!)

“இந்த ஸ்கீம் 31-ஆம் தேதியோட குளோஸ்” என்றால் பெரும்பாலும் அவருடைய மாத டார்கெட்தான் குளோஸ். “மூணாவது வருஷம் நிறுத்தினா கையில எவ்வளவு வரும்? எழுதிக் கொடுங்க” என்று கேட்டுப் பாருங்கள், உடனே பேச்சு பசங்க படிப்புக்குத் திரும்பிவிடும். பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பித் தரலாம் என்பதை மட்டும் எவரும் மூச்சு விடுவதில்லை.