ஆள் பிடிக்கவில்லை என்றுதான் மூடினார்கள்

அந்த இரண்டு நிமிட வீடியோவைப் பற்றி ஒன்றும் எழுதுவதில்லை என்று மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நேற்று இரவு அது பதினோராவது தடவையாக என் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் என் சொந்தச் சித்தப்பா. கூடவே கைதட்டும் படம் மூன்று. சரி, இனி எழுதாமல் இருக்க ஏலாது.

பேசியவர் யார், எந்த மண்டபம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் பேர் சொல்லப்போவதில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "வட்டுக்கோட்டைச் செமினரி எண்டது பள்ளிக்கூடம் இல்லை, மதம் மாத்துற மெசின். ஒரு பக்கத்தால சைவப் பிள்ளையைப் போட்டா மற்றப் பக்கத்தால வேதக்காரன் வருவான்." வேதக்காரன் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் கிறிஸ்தவன். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. முன்வரிசையில் இருந்து சிரித்தவர்களில் மூன்று பேரை எனக்குத் தெரியும். மூவரும் அந்த வளவுக்குள், செமினரி மூடின பிறகு அங்கே வந்த யாழ்ப்பாணக் கல்லூரியில், படித்தவர்கள். மூவர் நெற்றியிலும் திருநீறு. மெசின் பழுது போல.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பின்னூட்டத்தில் வந்து "நீ எந்தச் சபை?" என்று கேட்டுச் சிரமப்பட வேண்டாம். நான் சைவன். அம்மா வெள்ளிக்கிழமை விரதம் விட்டதில்லை. வருசத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டுச் செலவில் கோயில் திருவிழா நடக்கிறது, போன வருச நோட்டீஸைப் போடவோ? இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்ல நெற்றியைக் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இப்போது விசயத்துக்கு வருவோம். 1816இல் அமெரிக்க மிசன்காரர் யாழ்ப்பாணத்தில் இறங்கினார்கள். அவர்கள் கடை விரித்த இடங்களைப் பாருங்கள். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய். ரவுன் இல்லை; புகையிலைத் தோட்டமும் பனங்காடும் இருந்த கிராமங்கள். ஊருக்கு ஊர் தமிழ்ப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். அந்தப் பள்ளிகளுக்கு மேலே, வட்டுக்கோட்டையில், 1823இல் ஒரு பெரிய கல்லூரிக்குத் திட்டம் போட்டார்கள். தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், வானியல் எல்லாம் அந்தத் திட்டத்தில் இருந்தன. அவர்கள் மனதில் இருந்தது பல்கலைக்கழகத் தரத்தில் ஒன்று. குடியேற்ற அரசாங்கம் கல்லூரிச் சாசனம் தர மறுத்தது. அதனால்தான் செமினரி என்று பேர் வந்தது. பேரைப் பார்த்துவிட்டு "குருமார் பயிற்சிக்கூடம்" என்று விளக்கம் சொல்கிறார் நம்முடைய பேச்சாளர். அண்ணை, அந்தப் பேர் அவர்கள் விரும்பி வைத்தது இல்லை.

செமினரி எப்போது மூடப்பட்டது? 1855இல். ஏன்? இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். மிசனின் பொஸ்டன் தலைமையகத்திலிருந்து றூஃபஸ் அண்டர்சனும் இன்னொருவரும் வந்து பார்த்தார்கள். இவ்வளவு செலவழித்தும் மதம் மாறுகிறவர்கள் போதாது, பெடியள் இங்கிலீசைப் படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள், ஊழியத்துக்கு வருகிறார்கள் இல்லை என்று கண்டார்கள். மூடினார்கள்.

ஆள் பிடிக்கவில்லை என்றுதான் மூடினார்கள்! நடத்தினவனே "இது மெசின் மாதிரி வேலை செய்யவில்லை" என்று கணக்குப் பார்த்து இழுத்து மூடிவிட்டுப் போய் நூற்று எழுபது வருசம் ஆகிறது. இவர் இன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு அது மெசின் என்கிறார்.

மூடி இரண்டே வருசத்தில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த இருவர் யார்? கறல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டிப் பிள்ளை. படித்த வரைக்கும் படித்தார், பிறகு சைவத்துக்கே திரும்பினார். திரும்பிச் சும்மா இருந்தாரா? 1868இல் தொல்காப்பியச் சேனாவரையத்தை அச்சிட்டார். 1881இல் வீரசோழியம். 1887இல் கலித்தொகை. கறையான் தின்றுகொண்டிருந்த ஏடுகளைத் தேடி எடுத்து, பாடம் ஒப்பிட்டு, கைக்காசையும் கொட்டிப் புத்தகமாக்கினார். மெசினுக்குள் போட்ட பிள்ளை மற்றப் பக்கத்தால் கலித்தொகையோடு வந்திருக்கிறது. இதற்கும் அந்த மண்டபம் கைதட்டுமா?

நான் சொல்ல வருவது இதுதான், திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்வேன்: அந்த இடத்தை நடத்தினது வேண்டுமென்றால் வெள்ளைக்காரனாக இருக்கலாம், பயன்படுத்தினது எங்கள் சனம். உள்ளே போனார்கள், தங்களுக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டார்கள், வெளியே வந்தார்கள். சிலர் வேதத்திலேயே நின்றார்கள், அது அவர்களுடைய விருப்பம். "மெசின்" என்று சொல்லும்போது நீங்கள் வெள்ளைக்காரனைத் திட்டவில்லை. உங்கள் பூட்டனைத்தான் திட்டுகிறீர்கள். அவருக்கு மூளை இல்லை, கரும்பு மாதிரி ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் சக்கையாக வந்தார் என்கிறீர்கள்.

"அப்ப மதம் மாத்தவே இல்லையோ?" என்று ஒருவர் கேட்பார், தெரியும். மாற்றினார்கள். மறைக்கவும் இல்லை, அதற்குத்தான் கப்பல் ஏறி வந்தவர்கள். காசு அனுப்பின அமெரிக்கனின் பேரை எங்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். அதை நினைத்தால் எனக்கும் எரிச்சல்தான். உதயதாரகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் அந்தச் செமினரியில் படித்த யாழ்ப்பாணத்துத் தமிழர்கள்தான் என்று பேரை மட்டும் பார்த்து யார் சொல்வார்? ஆனால் அந்த ஹென்றி மார்ட்டின் 1841இல் நடத்தினது தமிழும் இங்கிலீசுமாக வந்த பத்திரிகை. பேரை வாங்கிக்கொண்டார், தமிழைக் கைவிடவில்லை. நீங்களும் நானும் பிள்ளைகளுக்கு வைக்கிற பேரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது.

"நாவலர் என்ன சொன்னவர் தெரியுமோ?" ஆறுமுக நாவலரை எனக்குப் படிப்பிக்க வேண்டாம். அவரும் மிசன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்கிவிட்டுத்தான் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சண்டை பிடிப்பதற்கும் ஒரு படிப்பு வேண்டியிருந்தது. அவர் பாதிரிமாரை எதிர்த்த விதம் வேறு. பதிலுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார், அச்சியந்திரம் வைத்தார். வீடியோ விடவில்லை.

"சாதி?" என்று ஒரு தம்பி நேற்றே உள்பெட்டியில் கேட்டுவிட்டான். அங்கே படித்து முன்னேறினதெல்லாம் பெரும்பாலும் ஒரே சாதிதானே என்று. தம்பி, இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. உண்மைதான். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வகுப்பில் சமமாக இருக்க வேண்டும், சமஆசனம், என்று உத்தரவு வந்த 1930 வாக்கில் ஊருக்குள் பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்த ஆட்கள் பொஸ்டனிலிருந்து வரவில்லை என்று மட்டும் சொல்லலாம். அது போதாது என்பதும் தெரியும். அந்த மேடையில் இருந்த யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நான் எழுந்து நின்று கேட்டிருப்பேன். அவர்களுக்கு அந்தப் பக்கம் பேச விருப்பமில்லை, ஏனென்றால் அங்கே வில்லன் வேட்டி கட்டியிருக்கிறார்.

இனிக் கொஞ்சம் சொந்தக் கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1995இல் நான் ஏஎல் (உயர்தரம்) படித்துக்கொண்டிருந்தேன். 1990இலிருந்து எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. படித்ததெல்லாம் ஜாம் போத்தல் விளக்கில். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைப்போம், பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப் வால்வுக்கட்டைக்குள்ளால் நூல்திரி. மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அதற்கு மேல் வசதி கிடையாது. ஒரு விளக்கைச் சுற்றி நாலு பேர் இருப்போம், சுவாலை ஆடினால் நாலு பேரும் சேர்ந்து மூச்சை அடக்குவோம். காலையில் மூக்கைச் சீறினால் கரி.

எனக்கு இரசாயனம் படிப்பித்த மாஸ்டர் கிறிஸ்தவர். பேர் போடமாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. லண்டன் வெளிவாரிப் பட்டத்துக்குத் தான் படித்த காலத்துப் புத்தகம், இரண்டு பாகம், பைண்ட் பண்ணி வைத்திருந்தார். ஐப்பசியில் அதை என்னிடம் தந்தார். "மழைக் காலம், நனைச்சுப்போடாத" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பைபிள் வசனம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் புத்தகத்தை வாங்கித்தான் இருப்பேன்.

ஒக்டோபர் 30, ஆமி வருகுது, ஊரை விட்டு வெளிக்கிடுங்கோ என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வலிகாமம் முழுக்க ஒரே இரவில் றோட்டில். மழை. செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்துக்குப் போகக் கால் வைக்க இடமில்லை. சைக்கிள் ஹாண்டிலில் ஒரு பை, கரியரில் அம்மம்மா. பைக்குள் இரண்டு உடுப்பு, அரிசி, அந்த இரண்டு பாகம். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் எங்களோடு இன்னும் பத்துக் குடும்பம். விறகெல்லாம் ஈரம். ஒருநாள் நான் தண்ணீர் அள்ளப் போய்த் திரும்பி வர, அம்மா இரண்டாம் பாகத்தைத் தாள் தாளாகக் கிழித்து அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறா. நான் கத்தின கத்தில் விறாந்தையே திரும்பிப் பார்த்தது. அம்மா என்னைப் பார்க்காமலே "தம்பிக்குப் பசிக்குது" என்றா. தம்பிக்கு அப்போது ஆறு வயது.

1996இல், சித்திரை கழிய, ஊருக்குத் திரும்பி வந்தோம். ஒரு மாதம் மாஸ்டர் வீட்டுப் பக்கமே போகவில்லை. கடைசியில் ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன். வாங்கி, அட்டையைச் சாரத்தால் துடைத்தார். "சோறு வெந்ததோ?" என்று கேட்டார். "ஓம் சேர்" என்றேன். "அப்ப அது பிழையில்லை" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த பாகத்தையும் என்னிடமே திருப்பித் தந்தார்.

அந்த மனிசனைத்தான் நீங்கள் மெசினின் ஒரு பல்லுச் சக்கரம் என்கிறீர்கள். இது எனக்குச் சுடுகிறது. வாதம், வரலாறு எல்லாம் பிறகு. எனக்கு இதுதான் சுடுகிறது.

"ஒரு நல்ல மாஸ்டரை வச்சு நூறு வருச அரசியலை மறைக்கப் பார்க்கிறான்" என்று எழுதுவார்கள். எழுதுங்கள். நான் மறைக்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் மறைக்கிறதையும் சொல்லட்டுமா? செமினரி போன பிறகு, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது எப்படி? வெள்ளைக்காரன் மனம் மாறியா? ஊரில் இருந்த பழைய மாணவர்கள் கூடிப் பேசி, காசு சேர்த்து, எங்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று நின்றார்கள். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது வாலிபர் காங்கிரஸ். அதன் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் அதே கல்லூரியின் ஆசிரியர். வேதக்காரர், கதர் கட்டினவர். 1974இல் யாழ் வளாகம், இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், தொடங்கினபோது விஞ்ஞான வகுப்புகள் எங்கே நடந்தன? வட்டுக்கோட்டையில், அந்தக் கல்லூரியின் பட்டப்பிரிவுக் கட்டிடங்களில். உங்கள் வீட்டில் யாராவது அந்த முதல் வருசங்களில் விஞ்ஞானம் படித்திருந்தால் கேட்டுப் பாருங்கள், எந்த பஸ்ஸில் போனார்கள் என்று. பேச்சாளரின் சொந்த அண்ணரே போனவர் என்று கேள்வி. கேள்விதான், உறுதியாகத் தெரியாததால் விடுகிறேன்.

விட மனமும் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஊர் ஊராக அலைந்த சனம் நாங்கள். பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலுக்கு அழுதோம், யாழ் நூலகம் எரிந்ததற்கு இன்றுவரை அழுகிறோம். 1981 யூன் முதலாம் திகதி வந்தால் ஆளுக்கு ஒரு பதிவு. நானும் போடுகிறேன். ஆனால் நெருப்பு வைத்தால்தான் அழிவு என்றில்லை. "அது எங்கட இல்லை, வேதக்காரற்றை" என்று சிரித்துக்கொண்டு கைகழுவினாலும் ஒரு இடம் இல்லாமல்தான் போகும். கனடாவிலிருந்து கோபுரத்துக்கு வர்ணம் பூசக் காசு வருகிறது, சந்தோசம், நானும் கும்பிடுகிறேன். அதே ஊரில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ரியூசனுக்குப் போக பஸ் இல்லாமல் ஆறு கிலோமீற்றர் சைக்கிள் உழக்குகிறது. அதைப் பற்றி இரண்டு நிமிட வீடியோ விட்டால் யாராவது கைதட்டுவார்களா?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன்.

சித்தப்பா, இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். வீடியோவை அழிக்கச் சொல்லவில்லை. உங்களுடைய பழைய குறூப் போட்டோ ஒன்று எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது, மணிக்கூட்டுக் கோபுரம் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இரண்டாவது வரிசையில் நிற்கிறீர்கள். அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு வரி மட்டும் எழுதுங்கோ: நானும் அங்கதான் படிச்சனான் எண்டு.