நாலு ஆட்டத்தில் பத்து புள்ளி எடுத்துவிட்டால் செய்தது சரியாகிவிடுமா?

இங்கிலாந்துப் பிரீமியர் லீக் கால்பந்தில் பர்ன்லி அணி 2022 ஏப்ரலில் மேனேஜர் ஷான் டைச்சை வேலையை விட்டு அனுப்பியது தவறு என்று சொன்னவன் நான். அவர் போன பிறகு ஆடிய நாலு ஆட்டத்தில் அணி பத்து புள்ளி எடுத்துவிட்டது. சனிக்கிழமை வாட்போர்டை ஜெயித்ததில் இருந்து என் போனுக்கு நிம்மதி இல்லை. "நாலு ஆட்டம், பத்து புள்ளி. இப்ப என்ன சொல்றே?" என்று ஒரே கேள்வி. ஸ்டேட்டஸில் வைத்தவர்கள், என் பெயரை டேக் செய்து போட்டவர்கள், நேற்று பெருநாள் பிரியாணிக்குக் கீழக்கரைக்குப் போன இடத்தில் இலை போடும் முன்பே ஆரம்பித்தவர்கள், எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவனுக்கு எழுதக் கணக்கும் இல்லை. எனக்கு நேரம் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது என்பது உங்கள் ஸ்டேட்டஸைப் பார்த்தாலே தெரிகிறது.

முதலில், பர்ன்லி ஜெயிப்பதில் எனக்கு வருத்தம் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். 83ஆவது நிமிடம் ஜாக் கார்க் போட்டார், 86ஆவது நிமிடம் பிரவுன்ஹில் போட்டார். நான் கத்திய கத்தலில் அம்மா ஜெபமாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். அந்த அணி என் அணி. நான் சொல்வது வேறு. எட்டு ஆட்டம் மீதி இருக்கும்போது ஷான் டைச்சை வெளியே அனுப்பியது தவறு. தோற்றிருந்தாலும் தவறு, ஜெயித்தாலும் தவறு. புள்ளிப் பட்டியலைக் காட்டி இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஏப்ரல் 15. பெரிய வெள்ளி. கோயிலில் இருந்து வந்து போனைத் திறந்தால் செய்தி. (பெரிய வெள்ளியையும் சிலுவையையும் வைத்து ஒரு ஜோக் உங்கள் வாயில் வரும் என்று தெரியும். மச்சான் அன்றைக்கு ராத்திரியே அடித்துவிட்டார். அம்மா காதில் விழுந்து அவருக்குச் சாப்பாடு தாமதமானது.) அதற்கு முந்தைய வாரம் புதன்கிழமை எவர்டனை 3-2 என்று ஜெயித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நார்விச்சிடம் 2-0 என்று தோற்றார்கள். அடுத்த வெள்ளி ஆளே இல்லை. உதவியாளர்களையும் கோல்கீப்பர் பயிற்சியாளரையும்கூட மிச்சம் வைக்கவில்லை, ஒரேயடியாக வாரிவிட்டார்கள்.

2012 அக்டோபரில் வந்த மனுஷன். ஒன்பதரை வருடம். அன்றைக்குப் பிரீமியர் லீக்கில் ஒரே இடத்தில் அதிக காலம் இருந்த மேனேஜர் அவர்தான். பர்ன்லி எப்படிப்பட்ட ஊர் என்று மான்செஸ்டர், லிவர்பூல் ரசிகர்களுக்குத் தெரியாது. பழைய பஞ்சாலை ஊர். ஒரு லட்சம் ஜனம் கிடையாது, நம்ம இராமநாதபுரம் நகரத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அந்த ஊர் அணியை 2014இல் கீழ்ப்பிரிவில் இருந்து பிரீமியர் லீக்குக்கு ஏற்றினார். 2018இல் ஏழாவது இடம் பிடித்து ஐரோப்பியப் போட்டிக்கே கொண்டுபோய் நிறுத்தினார். ஊரில் ஒரு மதுக்கடைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். சும்மா வைப்பார்களா?

நான் இந்த அணியைப் பிடித்தது 2017 ஆகஸ்டில். செல்சிதான் நடப்புச் சாம்பியன், அவர்கள் மைதானத்திலேயே பர்ன்லி பாதி ஆட்டத்தில் மூணு கோல் முன்னால் நின்றது. கடைசியில் 3-2. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்சி ரசிகன் முகம் போன போக்கைப் பார்த்த நிமிடம் முடிவு செய்தேன், இனி நமக்கு இதுதான் அணி. மச்சான் லிவர்பூல். அவருக்கு 2021 ஜனவரி 21ஆம் தேதியை அவ்வப்போது நினைவுபடுத்துவேன். உள்ளூரில் 68 லீக் ஆட்டம் தோற்காத லிவர்பூலை அங்கேயே போய் 1-0 என்று முடித்தது யார்? டைச்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

"முப்பது ஆட்டத்தில் நாலே வெற்றி." ஆமாம். யாரும் மறுக்கவில்லை.

"ஜனவரியில் கோல் போடும் கிறிஸ் வுட் போனதற்குக் கிளப் முதலாளிகள் என்ன செய்வார்கள், ஒப்பந்தத்திலேயே விலை எழுதியிருந்தது." சரி, எழுதியிருந்தது. நியூகாசில் பணத்தை வைத்தது, ஆள் போனார். அதுவும் யாரிடம்? நம்மோடு சேர்ந்து கீழே தத்தளித்துக்கொண்டிருந்த நியூகாசிலிடம். பதிலுக்கு மாதக் கடைசி நாளில் வெக்ஹோர்ஸ்ட் வந்தார். இதெல்லாம் டைச் செய்ததா? கோல் போடுகிற ஆளை எதிரிக்குக் கொடுத்துவிட்டு, ஏன் கோல் வரவில்லை என்று மேனேஜரைக் கேட்கிறார்கள்.

அவர் மேல் நம்பிக்கை போயிருந்தால் ஜனவரியில் அனுப்பியிருக்கலாமே? அப்போது பாதி சீசன் கையில் இருந்தது. ஆள் வாங்கும் காலமும் திறந்திருந்தது. புதுசாக வருகிறவன் தனக்கு வேண்டிய ரெண்டு பேரை வாங்கியிருப்பான். அப்போது வாயைத் திறக்கவில்லை. அதற்கும் முன்னால், செப்டம்பரில், இதே முதலாளிகள்தான் இதே மனுஷனுக்கு 2025 வரை ஒப்பந்தம் எழுதிக் கையைக் குலுக்கிப் படம் போட்டார்கள். ஏழு மாதம். செப்டம்பரில் நாலு வருடத்துக்குத் தகுதியாக இருந்தவர் ஏப்ரலில் எட்டு ஆட்டத்துக்குத் தகுதி இல்லாமல் போய்விட்டார். இதை எனக்குப் புரியும்படி யாராவது சொல்லுங்கள், ஸ்டேட்டஸ் போடாமல்.

நான் சொல்கிறேன். பயம். 2020 டிசம்பரில் கிளப்பை வாங்கினார்களே, அந்தப் பணத்தில் ஒரு பகுதி கிளப்பின் தலையிலேயே கடனாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் தொலைக்காட்சிப் பணம் போகும். அப்போது கடனை எப்படிக் கட்டுவது என்ற பயம். அந்தப் பயத்தில் எடுத்த முடிவுக்குக் கால்பந்துச் சாயம் பூசாதீர்கள்.

"இந்த மாதிரிக் கடைசி நேரத்தில் மாற்றித்தானே பலர் தப்பிக்கிறார்கள்?" பலரா? நார்விச் 2014இல் ஐந்து ஆட்டம் மீதி இருக்கும்போது மேனேஜர் கிறிஸ் ஹியூட்டனை அனுப்பியது. அந்த ஐந்தில் எடுத்தது ஒரே ஒரு புள்ளி, இறங்கினார்கள். நியூகாசில் 2009இல் ஊர்ச் செல்லப்பிள்ளை ஷியரரையே மேனேஜராக இறக்கிப் பார்த்தது. எட்டு ஆட்டம், ஐந்து புள்ளி, இறங்கினார்கள். வாட்போர்டு 2020இல் ரெண்டே ஆட்டம் மீதி இருக்கும்போது பியர்சனை அனுப்பியது. ரெண்டு ஆட்டம்! அவர்களும் இறங்கினார்கள். உடனே சண்டர்லாண்ட் 2013 என்று எழுதுவீர்கள், தெரியும். ஏழு ஆட்டம் மீதி இருக்கும்போது மார்ட்டின் ஓநீலை மாற்றித் தப்பித்தார்கள். அப்படித் தப்பிக்க வைத்த டி கானியோவை அதே வருடம் செப்டம்பரிலேயே வெளியே அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். லெஸ்டர், ரானியேரி என்று ஆரம்பிக்கவே வேண்டாம். சாம்பியன் ஆக்கியவரை ஒன்பது மாதத்தில் அனுப்பிய கதை அது. அந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வாதத்துக்கு வருகிறீர்கள் என்றால் உங்களுக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு.

சரி, பத்து புள்ளி. அந்தப் பத்து புள்ளியை எடுத்தது யார்? டைச் இடத்துக்கு வந்த மைக் ஜாக்சன் வேற்றுக்கிரகத்தில் இருந்து வரவில்லை. அதே கிளப்பில் இளைஞர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நல்ல மனுஷன், அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது யார்? காயத்தில் இருக்கும் கேப்டன் பென் மீ. டைச்சின் கேப்டன். உள்ளே ஓடுவது நிக் போப், டார்கோவ்ஸ்கி, கார்க். எல்லாம் டைச் வருடக்கணக்கில் ஓடவிட்டு வளர்த்த கால்கள். வந்து இரண்டு வாரம் ஆனவர் இவர்களுக்குத் தடுப்பாட்டம் கற்றுக்கொடுத்தாரா?

"அவர் ஆட்டம் போர், ஆட்களை நிறுத்துவது எப்போதும் நாலு-நாலு-ரெண்டு வரிசை, பந்தைத் தூக்கி அடிப்பதுதான்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி மான்செஸ்டர் சிட்டி ரசிகர். போரடித்தால் தூங்குங்கள் தம்பி.

"அண்ணே, இது தொழில். பாசத்துக்கு இடமில்லை." இதைத்தான் அதிகம் பேர் சொல்கிறார்கள். சொல்கிற தோரணையைப் பார்த்தால் ஆளுக்கு ரெண்டு கிளப் வைத்து நடத்துகிறவர்கள் மாதிரி இருக்கிறது.

தொழில்தான். தொழிலைப் பற்றியே பேசுவோம். என் அப்பா பல வருடம் ஒரே சம்மாட்டியின் (படகு முதலாளியின்) விசைப்படகில் டிரைவர். ஊர்க்காரர்களுக்குத் தெரியும், வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனிதான் கடல். டோக்கன் வாங்கிப் போகிற அந்த மூன்று நாளில் பாடு, அதாவது மீன்வரத்து, பார்த்தாக வேண்டும். எந்த இடத்தில் கடலடிப் பாறை இருக்கும், எங்கே வலை மடி கிழியும் என்று ஜிபிஎஸ் வருவதற்கு முன்பே மனசில் வைத்திருந்தவர் அப்பா. பெரிய சம்மாட்டி இருந்தவரை வீட்டு ஆள் மாதிரி. அவர் படுத்த பிறகு மகன் வந்தார். கடன் வாங்கிப் படகைப் பெரிதாக்கினார், இன்ஜினை மாற்றினார். அந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு யாருக்குமே பாடு இல்லை. துறைமுகமே காய்ந்து கிடந்தது. ஆனால் வட்டி காயாது இல்லையா. தடைக்காலத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு பையனை அனுப்பி இன்ஜின் சாவியை வாங்கிவரச் சொன்னார்கள். நேரில் வந்து ஒரு வார்த்தை கிடையாது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து கை கழுவிவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டார்.

படகை யாரிடம் கொடுத்தார்கள்? அப்பாவிடம் தொழில் படித்த அண்ணனிடமே. அந்த வாரம் பார்த்து நல்ல இறால் பாடு. துறைமுகம் முழுக்கப் பேச்சு, "டிரைவரை மாத்தினதும் பாத்தியா" என்று. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். டீக்கடையில் என் காது படவே சொன்னார்கள். சொன்னவர்களில் சிலர் இன்று என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறார்கள், இதைப் படிப்பார்கள், லைக் போட மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் அந்த அண்ணன் ஒரு பையில் இறாலோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரத் தயக்கம். அப்பா கூப்பிட்டு உட்கார வைத்து, எந்தப் பக்கம் இழுத்தீர்கள், எத்தனை பாகம் ஆழத் தண்ணி என்றெல்லாம் விசாரித்தார். அம்மா சமைத்தார். நானும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அது ஒரு தனி எரிச்சல்.

"உங்கள் அப்பாவும் டைச்சும் ஒன்றா? அவர் கோடி கோடியாகச் சம்பாதித்தவர், நஷ்டஈடு வாங்கிக்கொண்டு போவார்." போகட்டுமே. நஷ்டஈடு கொடுத்துவிட்டால் எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாமா? கொடுக்கிறவன் இப்படிப் பேசினால்கூடப் புரியும். வாங்குகிற இடத்தில் இருக்கிற நீங்கள் ஏன் பேசுகிறீர்கள்? நம்மில் எத்தனை பேர் முதலாளி? நாளைக்கு உங்களை இப்படி அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் வியாபாரம் நன்றாக நடந்தால், "பாத்தியா, சரியான முடிவு" என்று உங்கள் தெருவிலேயே ஒருவன் சொல்வான். அப்போது உங்களுக்காக என்னை மாதிரி ஒருவன் உட்கார்ந்து முகநூலில் எழுதிக்கொண்டிருக்க மாட்டான்.

இன்னொன்றை மறந்துவிட்டேன். 2015இலும் பர்ன்லி இறங்கியது. இதே டைச்தான் மேனேஜர். அப்போது இருந்த நிர்வாகம் அவரை அனுப்பவில்லை. அவரையே வைத்துக்கொண்டது, அடுத்த வருடமே கீழ்ப்பிரிவில் சாம்பியனாகி மேலே வந்தார்கள். அப்படி வந்ததில் இருந்து இது ஆறாவது சீசன். இறங்கினாலும் திரும்ப ஏற்றிக் காட்டியவர் கையில் இருந்தார். ஒருவேளை இறங்கினால் மறுபடி ஏற்றுவதற்கு அவரைவிடத் தெரிந்தவர் யார்? இதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. பத்து புள்ளி, பத்து புள்ளி என்று மட்டும்தான் சொல்கிறீர்கள்.

இன்னும் நாலு ஆட்டம். தங்கிவிட்டால் சந்தோஷப்படுவேன், உங்களைவிட அதிகமாக. அப்போதும் எட்டு ஆட்டம் இருக்கும்போது அனுப்பியது தவறு என்றுதான் சொல்வேன். இறங்கினால், "நான் அப்பவே சொன்னேன்" என்று எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. எழுதத்தான் செய்வேன். நீங்கள் இந்த ஐந்து நாளில் எழுதியதற்கு ஒரு பதிவாவது நான் எழுத வேண்டாமா?

சனிக்கிழமை ஏழரைக்கு ஆஸ்டன் வில்லாவோடு ஆட்டம். மச்சானுக்கு ஒரு செய்தி. நீங்கள் இத்தனை நாள் லிவர்பூல் பார்த்துக்கொண்டிருந்தது என் ஹாட்ஸ்டார் கணக்கில். "பத்து புள்ளி" என்று ஸ்டேட்டஸ் வைக்கும்போது அது ஞாபகம் இருந்திருக்க வேண்டும். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். அக்காவிடம் கேட்காதீர்கள், அவளுக்கும் சொல்லவில்லை.